பேய்மனைப் படவரிசையில் அடுத்த பாகமும் பார்வையாளர் கருத்தும்: 'அரண்மனை' படங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

சுந்தர் சி. இயக்கிய 'அரண்மனை' 2014 செப்டம்பர் 19 அன்று வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2016 ஜனவரி 29, மூன்றாம் பாகம் 2021 அக்டோபர் 14, நான்காம் பாகம் 2024 மே 3 ஆகிய நாள்களில் வந்தன. பத்தாண்டுக்குள் நான்கு படங்கள் வந்தபோதும் ஒரு பாகத்தின் கதை அடுத்த பாகத்தில் தொடரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பழைய பெருவீடு, அங்கே வந்து சேரும் உறவுக்கூட்டம், அங்கே இறந்த ஒரு பெண், இறுதியில் அம்மன் என்னும் அமைப்பே திரும்பியது. 'அரைச்ச மாவையே அரைக்கிறார்' என்ற குறையும் ஒவ்வொரு முறையும் எழுந்தது. ஆயினும் அதே மாவு ஒருமுறை கசந்தது, ஒருமுறை இனித்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரைப்பட வணிகத்தில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேர்ந்து 'சேலம் ஏரியா' எனப்படும். அந்த ஏரியாவின் ஓரத்தில், ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள நாமகிரிப்பேட்டையை நாம் நோக்குமிடமாகக் கொள்கிறோம். இதற்குக் காரணம் இரண்டு. பேரூராட்சி ஒன்றிலிருந்து ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ சென்று படம் பார்ப்போர் பெரும்பாலும் குடும்பமாகவே செல்வர். எனவே அவர்கள் கருத்து தனியொருவர் சுவையாக மட்டும் இராது. அன்றியும், பேயும் அணங்கும் பற்றிய பழைய நினைவு இந்தக் கொல்லிமலை அடிவாரத்தில் இன்னும் வழக்கில் உள்ளது.

இது தலையெண்ணும் கணக்கெடுப்பன்று. பரவலாகச் சொல்லப்பட்ட கருத்துகளை வகைப்படுத்தி, அவற்றின் காரணங்களை முறைப்படுத்துவதே இங்குச் செய்யப்படுகிறது.

2. வரையறைகள்

2.1 பேய்மனைப் படம்: ஒரு குடும்பம், அதற்கு உரிமையோ பங்கோ உள்ள ஒரு பழைய வீடு, அவ்வீட்டை விட்டு நீங்காத இறந்தார் ஒருவர் ஆகிய மூன்றும் கூடிய படம். இவற்றுள் ஒன்று குறைந்தால் அது அண்டை வகையாகும். பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'யில் (2005) முதலிரண்டும் உண்டு. மூன்றாவது மனநோயாக விளக்கப்படுகிறது. 2023 இல் வந்த அதன் இரண்டாம் பாகமோ பேயை மெய்யாகவே கொண்டுவந்து வகை மாறிவிட்டது.

2.2 அடுத்த பாகம்: இது மூவகைப்படும். முந்தைய கதையின் முடிச்சிலிருந்தே எழுவது கதைத்தொடர். 'டிமான்டி காலனி 2' (2024) இதற்குச் சான்று. கதை புதிதாயினும் அதே மாந்தர் வருவது மாந்தர்த்தொடர். பேய்க்கு அஞ்சும் ராகவாவும் கோவை சரளா ஏற்ற தாயும் திரும்பத் திரும்ப வரும் 'காஞ்சனா' படங்கள் இவ்வகையின. கதையும் மாந்தரும் மாற, அமைப்பு மட்டும் நிற்பது அச்சுத்தொடர். 'அரண்மனை' மூன்றாம் வகையைச் சேரும்.

2.3 பார்வையாளர் கருத்து: படம் கண்ட ஒருவர், காணாத மற்றொருவருக்குச் சொல்லும் தீர்ப்பும் அதற்கான காரணமும். 'பாக்கலாம்', 'டிவியில போட்டா பாத்துக்கலாம்' என்பன தீர்ப்பு. 'சிரிப்பு வரல', 'தமன்னா நல்லா நடிச்சிருக்கு' என்பன காரணம். பலர் தீர்ப்பில் ஒன்றுபட்டுக் காரணத்தில் வேறுபடுவர். இவ்விரண்டையும் பிரிக்காமல் ஆராய்ந்தால் பிழை நேரும்.

2.4 பேயின் வழக்கு: இறந்தவர் ஏன் வீட்டை விட்டு நீங்கவில்லை என்பதற்குப் படம் தரும் நியாயம்.

2.5 அச்சப் பெயர்ச்சி: முதற்பாதியில் பேயின்மேல் இருந்த அச்சம், வழக்குத் தெரிந்தபின் வேறொருவர்மேல் இடம்பெயர்வது. நம் வாதம் முழுவதும் இவ்விறுதி இரண்டு கருத்துருக்களின்மேல் நிற்கிறது.

3. மரபின் அடிப்படை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. தெய்வத்தன்மையோ பேய்த்தன்மையோ உடைய வருத்தும் ஆற்றல் முதலில் நிற்கிறது; தம்மை ஆளும் தலைவன் இறுதியில் நிற்கிறான். அழுகையின் களன்களுள் இழவு ஒன்று. வெகுளியின் களன்களுள் கொலை ஒன்று. நகையின் களன்களுள் எள்ளலும் பேதைமையும் உண்டு.

இந்த வகைப்பாட்டை 'அரண்மனை' படங்களோடு பொருத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் அணங்கு அஞ்சப்படுகிறது. அஞ்சி ஓடுவோரின் பேதைமை நகையைத் தருகிறது. பின்னர் முன்கதையில் கொலை வெகுளியையும் இழவு அழுகையையும் எழுப்புகின்றன. இப்போது அஞ்சத்தக்கவர் யார் என்ற கேள்விக்கு விடை மாறுகிறது: ஜமீனாக, தந்தையாக, ஊர்ப் பெரியவராக இருந்த 'இறை'யே அஞ்சத்தக்கவர் ஆகிறார், அல்லது கள்வர் ஆகிறார். நான்கு களன்களுள் முதலாவதிலிருந்து பிறிதொன்றுக்கு அச்சம் நகர்வதையே நாம் அச்சப் பெயர்ச்சி என்றோம்.

ஆடுவோன் உணர்வு காண்போனிடம் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர் எடுத்துக்காட்டும் செயிற்றியத்தின் கொள்கை. திரையில் ஒருவர் அலறினார் என்பதனால் அச்சம் நிறைவேறிவிடாது. அது இருக்கையை அடைந்ததா என்பதே அளவு. பார்வையாளர் கருத்தை ஆராய்வதற்கான இலக்கணத் தகுதி இக்கொள்கையிலேயே உள்ளது.

நாமகிரிப்பேட்டைப் பகுதிக்கு இம்மரபு ஏட்டளவில் நின்றதன்று. அருகே எழும் கொல்லிமலைக்குரிய கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் பலவிடங்களில் கூறும்; கண்டாரை மயக்கும் அழகும் வருத்தும் ஆற்றலும் ஒன்றாய் அமைந்த பெண்ணுரு அது. கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் இன்றும் வழிபடப்படுகிறாள். அஞ்சப்படும் பெண்ணாற்றலும் வணங்கப்படும் பெண்ணாற்றலும் ஒன்றுக்கொன்று அருகிலேயே வைக்கப்பட்ட நிலப்பகுதி இது. 'காத்து கருப்பு அண்டும்' என்று உச்சிப்பொழுதில் புளியமரத்தடிக்குப் பிள்ளையை விடாத பாட்டியும், உடுக்கைச் சத்தம் கேட்டதும் சாமி வந்து ஆடும் பெண்ணும் இங்கே ஒரே தெருவினர். பேயாகத் தொடங்கி அம்மனில் முடியும் படம் இவர்களுக்குப் புரியாத தாவல் அன்று.

4. நான்கு பாகங்களின் கிடக்கை

முதற்பாகத்தில் குடும்பத்தினர் பூர்வீக அரண்மனையை விற்க வருகின்றனர். ஹன்சிகா ஏற்ற செல்வி, கொல்லப்பட்ட ஊர்ப்பெண். அவள் மனத்தில் இருந்தவன் முரளி. எனவே அவன் மனைவியாகிய மாதவியின் (ஆண்ட்ரியா) உடலில் புகுகிறாள். செல்வியின் வழக்கு இரட்டை வழக்கு: கொன்றவரைப் பழிவாங்குதல் ஒன்று, வாழாத வாழ்வைக் கேட்டல் மற்றொன்று. முதலாவதில் பார்வையாளர் அவள் பக்கம் நிற்பர்; இரண்டாவதில் மாதவியின் பக்கம் நிற்பர். இந்த இழுபறியே படத்தைத் தாங்கியது. 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) படத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசினர். அப்படியானால் முதற்பாகமும் ஒருவகையில் மறுபடைப்பே. அச்சு பழையது என்ற குறை தொடக்கத்திலேயே இருந்தும் அது படத்தை வீழ்த்தவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இரண்டாம் பாகத்தில் குடமுழுக்குக்காக அம்மன் சிலை பெயர்க்கப்பட்டிருக்கும் இடைவெளியில் தீய ஆற்றல்கள் விடுபடுகின்றன. திருப்பணியின்போது தெய்வ ஆற்றலைக் கும்பத்தில் ஏற்றிப் பாலாலயத்தில் வைப்பதை அறிந்த ஊர்மக்களுக்கு இக்கரு எளிதில் பிடிபடும். ஹன்சிகா ஏற்ற மாயா, காதலுக்காகத் தன் குடும்பத்தாலேயே கொல்லப்பட்ட ஜமீன் மகள். அச்சம் அணங்கிலிருந்து 'தம் இறை'க்கு நேராகப் பெயர்வது இப்பாகத்திலேயே மிகத் தெளிவு. இதே நாமக்கல் மாவட்டத்தில், 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் ஓர் இளைஞரின் உடல் கிடந்தது. சாதி காரணமான அக்கொலையில் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. படம் வெளிவந்தது அக்கொலை நடந்து ஏழு மாதத்துக்குப் பின். மாயாவின் வழக்கு இம்மாவட்டத்தாருக்குக் கட்டுக்கதையாக மட்டும் தோன்றியிருக்க இயலாது. ஆனால் படம் அவ்வழக்கில் நீண்ட நேரம் நிற்கவில்லை. பேருருவ அம்மன் சிலையும் பாட்டும் இறுதியை எடுத்துக்கொண்டன. கலவையான வரவேற்புக்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

மூன்றாம் பாகத்தில் ஆர்யா, ராசி கன்னா, ஆண்ட்ரியா நடித்தனர். 2021 ஏப்ரலில் மறைந்த விவேக், மறைவுக்குப்பின் திரையில் தோன்றிய படம் இது. நான்கனுள் மிகுதியாகக் குறை கூறப்பட்டதும் இதுவே: சிரிப்பு எடுபடவில்லை, அடுத்து வருவது முன்பே தெரிகிறது, கிராபிக்ஸ் கண்ணை உறுத்துகிறது என்றனர்.

நான்காம் பாகம் அச்சில் ஒரு திருத்தம் செய்தது. அசாமிய நாட்டார் நம்பிக்கையிலுள்ள, உருமாறும் நீர்ப்பேயான 'பாக்' தீய அணங்காகிறது. தமன்னா ஏற்ற செல்வியோ இறந்தபின்னும் தன் பிள்ளைகளைக் காக்கும் தாயாகிறாள். ஒரே பேயிடம் இருந்த கொடுமையும் நியாயமும் இரு பேய்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. இறுதியில் குஷ்புவும் சிம்ரனும் ஆடும் அம்மன் பாட்டு வருகிறது. 2024 இன் முதல் நான்கு மாதங்களில் பெரிய வெற்றியின்றி இருந்த தமிழ்த் திரையரங்குகளுக்கு இப்படம் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

5. கருத்துகளின் வகைப்பாடு

நாமகிரிப்பேட்டை ஏலத்துக்கு வரும் மஞ்சள் விரலி, உருண்டை, பனங்காளி எனப் பிரிக்கப்பட்டே விலை பெறும். ஒரே வயலின் விளைச்சலாயினும் மூன்றுக்கும் ஒரே விலை வைப்பார் இல்லை. ஒரே படத்தைப் பற்றிய கருத்துகளையும் அவ்வாறே பிரித்து மதிப்பிடல் வேண்டும். நாம் நான்கு வகை காண்கிறோம்.

5.1 மேனிக் கருத்து: பாட்டு, கிராபிக்ஸ், ஆடை, ஒலி, நகைச்சுவை என்று தனித்தனி உறுப்புகளைப் பற்றியது. நான்காம் பாகத்தின் 'அச்சச்சோ' பாட்டைப் புகழ்ந்ததும் மூன்றாம் பாகத்தின் கிராபிக்ஸைப் பழித்ததும் இதில் அடங்கும். எளிதில் சொல்லப்படுவதால் மிகுதியாகக் காதில் விழுவது இதுவே.

5.2 அச்சுக் கருத்து: 'அதே டெம்ப்ளேட்', 'கதை மாறல' என்பன. முந்தைய பாகங்களைக் கண்டவரே இதைச் சொல்ல இயலும். ஆகவே இது பழியாக ஒலித்தாலும், தொடரோடு நெடுநாள் பழகியதன் அடையாளமும் ஆகும்.

5.3 உடன்காண் கருத்து: யாருடன் பார்க்கலாம் என்பது. 'பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாம்', 'அம்மாவோட உக்காந்து பாக்கலாம்' என்னும் சொற்கள் பேய்ப்படம் ஒன்றுக்குக் கிடைப்பது அயலார்க்கு வியப்பாகலாம். 'தி கான்ஜுரிங்' (2013) போன்ற ஆங்கிலப் படங்களுக்கு இங்கே இச்சொற்கள் கிடைப்பதில்லை.

5.4 வழக்குக் கருத்து: பேயின் பக்கம் நியாயம் உண்டா என்பது. 'பாவம், அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சு' என்பதே இதன் வழக்கமான வடிவம். இதைச் சொல்வோர் அதை விமரிசனம் என்று கருதுவதில்லை. திரும்பும் வழியில் உச்சுக்கொட்டிச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவர்.

முதல் மூன்றும் உரக்கச் சொல்லப்படுவன. நான்காவது மெல்லச் சொல்லப்படுவது. ஆயின் தீர்ப்பை முடிவு செய்வதில் நான்காவதே வலிது. அதற்கான காரணத்தைக் கருத்துத் தோன்றும் நிலைகளில் காணலாம்.

6. கருத்துத் தோன்றும் நிலைகள்

முதல் நிலை, எதிர்பார்ப்பு. அச்சுத்தொடரில் பார்வையாளர் வருமுன்பே பாதிப் படத்தை அறிவார். 'பேய் யாரு, யாரு உடம்புல ஏறும்' என்ற இரண்டே அவருக்குத் தெரியாதன.

இரண்டாம் நிலை, அஞ்சி நகைத்தல். அரங்கில் இதை அருகிருந்து காணலாம். பின்னணி இசை சட்டென்று நிற்கிறது. முன்வரிசைச் சிறுமி அம்மாவின் முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நூல்களுக்கிடையே ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். கதவு திறக்கிறது, நிற்பது பேயன்று, நகைச்சுவை நடிகர். அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. அச்சிரிப்பு அவர் சொன்ன சொல்லின் தகுதிக்கு மிகையானது; அடக்கிய மூச்சு வெளிவரும் சிரிப்பு அது. இதனால் இப்படங்களில் நகை அச்சத்தைச் சார்ந்து நிற்கிறது. அச்சம் பிடிக்காத இடத்தில் அதே நகைச்சுவை 'மொக்கை' ஆகிவிடும். மூன்றாம் பாகத்தைப் பற்றி 'காமெடி இல்ல' என்று சொல்லப்பட்ட குறையின் வேர் அதன் அச்சத்திலேயே இருந்திருக்கலாம்.

மூன்றாம் நிலை, வழக்கறிதல். இடைவேளைக்குப் பின் வரும் முன்கதையே இதன் இடம். சிரிப்பு நிற்கிறது, கைபேசி பார்ப்போரும் தலை நிமிர்கின்றனர், அல்லது இங்கேதான் எழுந்து வெளியே செல்கின்றனர். அச்சப் பெயர்ச்சி நிகழ்வதும் தவறுவதும் இந்நிலையில்தான்.

நான்காம் நிலை, தீர்ப்பு. அம்மன் பாட்டோடு படம் முடிகிறது. வழக்கு நெஞ்சில் பட்டிருந்தால் அப்பாட்டு நீதியாகத் தோன்றும்; படாதிருந்தால் வெறும் பில்டப் ஆகத் தோன்றும். பாட்டின் தரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

7. வேறுபாட்டின் காரணங்கள்

ஒரு பாகம் வரவேற்கப்பட்டு மற்றொன்று தள்ளப்படுவதற்குப் புறக்காரணமும் அகக்காரணமும் உண்டு.

புறக்காரணங்கள் இரண்டு. ஒன்று காலம். மூன்றாம் பாகம் ஆயுதபூசை நாளில் வந்தபோதும், அப்போது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் பாதி இருக்கைக்கே இசைவு இருந்தது. ஒன்றுவிட்டு ஒன்று காலியாக இருக்கும் அரங்கில் அச்சமும் சிரிப்பும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது அரிது. நான்காம் பாகமோ மே மாதப் பள்ளி விடுமுறையில் வந்தது. மற்றொன்று ஒப்பீடு. வேறு நல்ல படம் அருகில் ஓடாதபோது 'பரவால்ல' என்ற சொல்லும் புகழாகும்.

அகக்காரணம் பேயின் வழக்கின் தகுதி. இதற்கு மூன்று உறுப்புகளைக் கூறலாம். ஒன்று, அணிமை: இழப்புப் பார்வையாளர் அறிந்த உறவுக்குள் நிகழ வேண்டும். தாய்–பிள்ளை, தந்தை–மகள் என்பன அணியன. நூற்றாண்டுகளுக்கு முந்தைய அரசவைப் பகை சேய்மையது. 'சந்திரமுகி 2' போதிய வரவேற்புப் பெறாமைக்கு இதனைப் பெருங்காரணமாகக் கொள்ளலாம். வேட்டையனுக்கும் சந்திரமுகிக்கும் இடையிலுள்ள கணக்கு இன்றைய குடும்பத்தாரைத் தொடவில்லை. இரண்டு, தெளிவு: குற்றம் யாருடையது என்பதில் ஐயம் கூடாது. மூன்று, அளவு: வழக்குக்குப் படம் நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டாம் பாகம் முதலிரண்டும் நிறையப் பெற்று மூன்றாவதில் குறைந்தது. நான்காம் பாகம் மூன்றும் பெற்றது. தமன்னாவின் நடிப்பைப் பற்றிய புகழ் உண்மையில் வழக்குக் கருத்தே, மேனிக் கருத்தின் வடிவில் வெளிப்பட்டது.

வீடும் இங்கே ஒரு காரணமாகிறது. அமெரிக்கப் பேய்மனைப் படங்களில் பெரும்பாலும் புதிதாகக் குடிவந்த சிறு குடும்பம் முன்பின் அறியாத பேயைச் சந்திக்கும். தமிழ்ப் பேய்மனையில் வீடு பெரும்பாலும் பூர்வீகச் சொத்து, வருவோர் பங்காளிகள். பேயும் அவ்வீட்டாரால் பாதிக்கப்பட்டவளே. எனவே பேயின் வழக்கு ஒருவகையில் பாகப்பிரிவினை வழக்கு: தனக்கு உரியது தரப்படவில்லை என்று ஒருத்தி கேட்கிறாள். சொத்துத் தகராற்றில் அத்தையும் சித்தப்பாவும் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பதைக் கண்ட பார்வையாளர், அக்கேள்வியை உடனே அறிந்துகொள்கிறார்.

8. தடையும் விடையும்

தடை 1: பேயின் வழக்கே முதன்மை என்றால், வழக்கே இல்லாமல் அச்சத்தால் மட்டும் வென்ற 'டிமான்டி காலனி 2' எவ்வாறு அமையும்? விடை: அது கதைத்தொடர். அதன் பார்வையாளர் முடிச்சு எப்படி அவிழும் என்று காண வருகிறார். அச்சமும் புதுமையுமே அவர் அளவை. அச்சுத்தொடரில் முடிச்சுப் புதிதன்று. ஆகவே அளவை வேறாகிறது. நம் முடிவு அச்சுத்தொடருக்கே உரியது. பிறவற்றுக்கு நீட்டுதல் மிகையாகும்.

தடை 2: மக்கள் சிரிக்கவே வருகின்றனர், அழ வருவதில்லை என்பர். விடை: வருவதன் நோக்கமும் போகும்போது சொல்லும் தீர்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிரிப்பு அவரை உள்ளே அழைக்கிறது. உறவினருக்கு எடுத்துச் சொல்லத் தூண்டுவது வழக்கு. 'காஞ்சனா'வில் (2011) சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரம் இன்றும் நினைக்கப்படுவது, அப்படத்தில் சிரிப்பு மிகுதி என்பதனால் அன்று.

தடை 3: தெரிந்த கதையைத் திரும்பக் காண்பது சுவைக்குறையின் அடையாளம் என்பர். விடை: கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையின் முடிவை அறியாமல் அமர்ந்தவர் எவரும் இலர், பொன்னரும் சங்கரும் மாள்வர் என்பது தெரிந்தும் கண்ணீர் வருகிறது. தெரிந்த கதையில் பார்வையாளர் தேடுவது துன்பம் அதற்குரிய அளவில் சொல்லப்பட்டதா என்பதையே. குறை அச்சைப் பயன்படுத்தியதில் இல்லை. அச்சை நிரப்பாமல் விட்டதில் உள்ளது.

9. முடிபு

ஆய்ந்தவற்றால் பெறப்படுவன நான்கு. முதலாவது, 'அதே டெம்ப்ளேட்' என்னும் கருத்து எல்லாப் பாகத்துக்கும் பொதுவாக இருப்பதால், ஒரு பாகத்தின் வெற்றிக்கோ தோல்விக்கோ அதைக் காரணமாகக் காட்ட இயலாது. இரண்டாவது, நகையைப் பற்றிய குறை பலவிடத்தும் அச்சத்தைப் பற்றிய குறையே. மூன்றாவது, புகழும் பழியும் மேனியைப் பற்றி உரக்க ஒலித்தாலும் தீர்ப்பைச் செய்வது பேயின் வழக்கு. அதன் அணிமை, தெளிவு, அளவு ஆகியன நிறைந்தவிடத்து வரவேற்பும் நிறைந்தது. நான்காவது, அச்சம் அணங்கிலிருந்து இறைக்கும் கள்வருக்கும் பெயரும்போதோ, நான்காம் பாகத்தில் போல அஞ்சத்தக்க அணங்கும் காக்கும் அணங்கும் பிரியும்போதோ, இறுதி அம்மன் பாட்டு தன் பொருளைப் பெறுகிறது.

ஆகவே இவ்வரிசையில் இன்னொரு பாகம் வரின், திறனாய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கதை புதிதா என்பதன்று. இறந்தவள் யார், அவளுக்கு யார் என்ன செய்தார், அதைக் கேட்கப் படம் எவ்வளவு நேரம் தந்தது என்னும் மூன்றே. இவற்றுக்கு விடை கண்டபின் பாட்டையும் கிராபிக்ஸையும் பற்றிப் பேசுதல் முறையாகும்.